லெக்கி ஐயர் குடிக்கவில்லை

முன் வரிசைக்காரரின் முதுகில் லெக்கி ஐயர் தள்ளாடிக்கொண்டிருக்கிறார். நீல நிற டி-ஷர்ட்டில் வெள்ளைக் கோட்டில் வரைந்த படம். நீள அங்கி, கழுத்தில் பட்டை, ஒரு கால் மறு காலைத் தாண்டி எங்கோ போகிறது, கையில் சாய்ந்துபோன திருவிருந்துப் பாத்திரம், அதிலிருந்து சிந்தும் திராட்சரசம். முதுகுக்காரர் மூச்சு விடும்போதெல்லாம் ஐயர் அசைகிறார். லெக்கி வம்சத்தார் கூடுகிற இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக என் கணவர் வாரனின் அத்தை ஹாரியட் எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுத்தது. எங்களுக்கும் இரண்டு கொடுத்தார்கள், காரின் பின் சீட்டில் மடித்தபடியே கிடக்கின்றன, சாப்பாட்டு நேரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார் வாரன். நான் படத்தைப் பார்க்கக் கூடாது என்று பிரசங்க மேடையைப் பார்க்கிறேன். இளம்பெண் ஒருத்திதான் இப்போது இங்கே குருவானவர். இந்தக் கோயிலைக் கட்டிய செங்கல் எல்லாம் கீழே ஆற்றங்கரைக் களிமண்ணில் சுட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், நல்ல குரல், எனக்குத்தான் காதில் ஏறவில்லை. ஜன்னல்கள் திறந்திருக்கின்றன, வர்ஜீனியாவின் ஜூன் மாத வெக்கை உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது, வெளியே மரங்களில் பூச்சிகள் விடாமல் இரைகின்றன. பாளையங்கோட்டைக் கோயிலில் என்றால் தலைக்குமேல் ஃபேன் சத்தத்தில் பாதிப் பிரசங்கம் போய்விடும். எதையாவது நினை ரஞ்சிதம், ஃபேனை நினை. மறுபடியும் கண் அந்த முதுகுக்குப் போகிறது. வரைந்தவன் வேடிக்கைக்காகத்தான் வரைந்திருக்கிறான், ஆனால் அந்தக் காலை எங்கே பார்த்தான். போன குளிர்காலத்தில் கடைவாசலில் நான் காருக்குள் இருந்து பார்த்தேனே, வாரன் பால் டப்பாவோடு நடந்து வந்தார், இதே கால், இதே மாதிரி ஒரு அடி தன் இஷ்டத்துக்கு ஓரமாகப் போய்த் திரும்பி வந்தது. தரையில் ஐஸ் என்று நினைத்தேன். ஐஸ் இல்லை. ஐஸ் என்றுதான் நினைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிகிறது, வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குளிரில் உட்காருவதுபோல. இந்த வெக்கையில். பாதம் மட்டும் பலகைத் தரையில் தாளம் போடுகிறது, எந்தப் பாட்டுக்கும் சேராத தாளம். முதலில் எனக்குப் பிடிபட்டது காலும் இல்லை கையும் இல்லை, அவருடைய தமிழ்தான். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவர், மாதக்கணக்காகக் கண்ணாடி முன்னால் நின்று ழகரம் பழகியவர், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாழைப்பழம் என்று சொல்லிக்காட்டிக் கைதட்டல் வாங்கியவர். அந்த ழ போன வருஷம் கரைய ஆரம்பித்தது. மழை மலையானது. நான் கேலி செய்தேன், என்ன வாரன், வயசாகுதா, தமிழ் மறந்துபோச்சா என்றேன். சிரித்தார். அப்புறம் ஒருநாள் சட்னி உறைக்கிறது என்பதற்காகத் தட்டைச் சுவரில் எறிந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன். எறிந்த கையையே ஒரு கணம் யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் குனிந்து ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கினார், பொறுக்கப் பொறுக்கக் கீழே விழுந்தன. டாக்டரிடம் போவோம் என்றேன். "நரம்புத் தளர்ச்சி. வயசு. விடு, ரஞ்சி." இரண்டாம் தடவை சொன்னபோது வேறொன்று சொன்னார், "எங்கப்பா மாதிரி நான் குடிகாரன் இல்ல. அது போதும்." அதை ஏன் அந்த இடத்தில் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்குப் புரியவில்லை.

நான் இதையெல்லாம் தேடப் போனது இதற்காக இல்லை. அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்கு வம்சமரம் ஒன்று வரைந்து கண்ணாடி போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஊரிலிருந்து சாந்தா அக்கா போனில் சிரித்தாள், "ஏட்டி, நம்ம தாத்தாவுக்குத் தாத்தா பேரு ஒனக்குத் தெரியுமா. வெள்ளக்காரன் வம்சத்தப் போயித் தோண்டிக்கிட்டு கெடக்க." தோண்டத் தோண்ட எனக்குப் பிடித்துப்போனது. மேலே மேலே போனால் இந்தக் கோயிலில் வந்து நின்றது. ஆண்ட்ரூ லெக்கி, ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பக்கம் ஓர் ஆலைக்காரன் மகன், லண்டனில் குருப்பட்டம் வாங்கிக் கப்பலேறி, இங்கிலாந்து ராஜாவின் ஆட்சி இங்கே நடந்த காலத்தில் இந்தப் புகையிலைக்காட்டுக்கு ஊழியம் செய்ய வந்தவர். சம்பளம் புகையிலையாகவே கொடுத்தார்களாம். எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்றுதானே சொல்லுவோம், நான் அவரை லெக்கி ஐயர் என்றே வைத்துக்கொண்டேன், வாரனுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. இரண்டு மனைவி, முதல் மனைவி பிரசவத்தில் போனவள், இரண்டாம் மனைவி ஆற்றுக்கு அக்கரைக்காரி. முதல் தாரத்துப் பெரிய மகனின் வழி ஒஹையோவுக்குப் போனது. இரண்டாம் தாரத்துக் கடைக்குட்டியின் வழியில்தான் வாரனின் தாத்தா, வாரனின் அப்பா கார்டன், வாரன், எங்கள் மகள் நேசா. ஒஹையோ வழியில் டாரதி என்று ஒருத்தியைக் கண்டுபிடித்துப் போனில் பேசினேன். எவ்வளவு சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள், "உங்க பக்கத்துல யாருக்கும் ஆட்டம் வரலையா?" என்ன ஆட்டம் என்றேன். "எங்க பக்கம் லெக்கி ஆட்டம்னே சொல்வோம். இப்ப டாக்டருங்க வச்ச பேரு ஹன்டிங்டன். எங்கம்மாவுக்கு வந்துது. ரெண்டு மாமாவுக்கும் வந்துது. நாப்பது அம்பது வயசுல கை கால் தன்னால ஆடும், பேச்சு குழறும், குணம் மாறும். தூங்கும்போது மட்டும் நின்னுடும். மருந்து கிடையாது." பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி, காசு சுண்டிப் போடுகிற மாதிரி, என்றாள். நான் அடுப்பில் எதுவும் வைக்கவில்லை, இருந்தாலும் அடுப்பில் பால் இருக்கிறது அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தேடியது வேறு தேடல். பிறந்த நாள் வந்து போனது, வம்சமரம் இன்னும் முடியவில்லை என்று பொய் சொன்னேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த நோய் முதல் மனைவியோடு வந்திருக்க வேண்டும். பிரசவத்தில் இளவயதிலேயே போய்விட்டவள், வெளியே தெரியுமுன்னே போயிருப்பாள், அவள் வயிற்றுப் பிள்ளைகளோடு அது ஒஹையோவுக்குப் போய்விட்டது. இரண்டாமவள் வயிற்றில் பிறந்த எங்கள் வழிக்கு அதோடு சம்பந்தமில்லை. முன்பின் தெரியாத, செத்து இருநூற்றைம்பது வருஷமான ஒரு பெண்ணின் தலையில் நோயை ஏற்றிவைத்துவிட்டு ஜெபம் செய்தேன். கேவலம்தான். லெக்கி ஐயர் மட்டும் நல்ல கையோடு, நல்ல காலோடு கிழவராகச் செத்திருந்தால் போதும், ஆண்டவரே, போதும். பரிசோதனை இருக்கிறது, ஒரு சொட்டு ரத்தம், எல்லாம் தெரிந்துவிடும், ஆனால் டாக்டர் என்றாலே எழுந்துபோகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது. நேசா சிகாகோவில் ஐந்து மாதக் கர்ப்பிணி. போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள், "அம்மா, குழந்தை உதைக்குது. நிறுத்தவே மாட்டேங்குது." எந்தத் தாயும் பூரித்துப்போகிற வார்த்தை. எனக்கோ ஏன் நிறுத்தவில்லை, எதற்கு நிறுத்தாமல் உதைக்கிறது, என்று மனது ஓடியது. எல்லாக் குழந்தையும் உதைக்கும். நேசாவும் உதைத்தாள். நேசா உதைத்தபோது நான் வாரன் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன், அசையாத, கனமான, வெதுவெதுப்பான கை. அந்தக் கைக்கு உள்ளே அப்போதே இது இருந்ததா. மூலையில் ஒண்டிக்கொண்டு, தன் முறைக்குக் காத்துக்கொண்டு.

ஹாரியட் அத்தையிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்று வாரனை வற்புறுத்தி இந்தச் சந்திப்புக்கு அழைத்துவந்தது நான்தான். வாரனின் அப்பாவோடு கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது அத்தை மட்டும்தான், எண்பது தாண்டியாகிவிட்டது. இன்று காலை அத்தை வீட்டுச் சமையலறையில் எங்களுக்குக் காப்பி ஊற்றினார். நான் கையைத்தான் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை, கோப்பை விளிம்பில் கெட்டில் மூக்கு இடிக்கக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில், இந்தக் குடும்பத்தில் எண்பது வயதில் இப்படி ஒரு கை இருக்கிறதே என்று. அப்புறம்தான் உறைத்தது, அத்தையின் கை அத்தையைத்தான் காப்பாற்றும். காசு அவருக்கு நல்ல பக்கம் விழுந்திருக்கிறது. அண்ணனுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று அந்தக் கை சொல்லாது. வாரன் பெட்டியை எடுக்க மாடிக்குப் போயிருந்தார் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன், "அத்தை, லெக்கி ஐயர் கடைசியில எப்படி இறந்தாரு?" அத்தை முகம் மலர்ந்துவிட்டது. நாற்பது ஆகுமுன்னே மாரடைப்பில் போன அவருடைய அப்பா சொல்லிச் சொல்லி மனப்பாடமான கதை. "அட, அது பெரிய கூத்து. திருவிருந்து கொடுக்கும்போது பாத்திரத்தைப் பெரிய புகையிலைத் தோட்ட முதலாளி பெண்டாட்டி மடியில கவுத்துட்டாரு. வெள்ளைப் பட்டு கவுன். சபை கூடி, குடிச்சிட்டுக் கோயிலுக்கு வர்றான்னு வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, சாகிற வரைக்கும் சத்தியம் பண்ணிக்கிட்டே இருந்தாராம், நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லைன்னு. நிக்க முடியல, பேச்சு குழறுது, இவரு சத்தியம் பண்றாரு." அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன், "தூங்கும்போது?" அத்தை ஆச்சரியமாகப் பார்த்தார். "உனக்கு யாரு சொன்னா? ஆமா, தூங்கும்போது மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி அசையாம படுத்திருப்பாராம். அப்பா அப்படித்தான் சொல்வாரு. கடைசியில மகள்தான் மண்டையப் பிடிச்சுக்கிட்டு ஊட்டிவிடுவாளாம், வாய் நிக்காதாம். தோட்டத்து ஆளுங்க ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்ப்பாங்களாம்." திரும்பினேன். வாரன் மாடிப்படியில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கி வந்தார், எதிலிருந்து கேட்டார், தெரியவில்லை. "நல்ல கதை, அத்தை" என்றார்.

நல்ல கதை. இருநூற்றைம்பது வருஷமாகச் சாப்பாட்டு மேசைகளில் சிரித்த கதை, இப்போது டி-ஷர்ட்டில் வந்திருக்கிற கதை. அந்த மகள் பெயர் எனக்குத் தெரியும், எலிசபெத், நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன், கல்யாணம் ஆகாதவள் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காமல் விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்குமா. அப்பா வாயில் வாடையில்லை என்று ஊட்டிவிடுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா. யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள். ஐயரின் அப்பா, அந்த ஃபைஃப் ஆலைக்காரன், தன் ஆலைக்குப் பக்கத்து ஓடையிலேயே விழுந்து செத்தான் என்று ஒரு வரி தெரிந்துவைத்திருந்தேன், பாவம் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். தினமும் நடக்கிற கரையில் ஓர் ஆலைக்காரன் எப்படி விழுவான். கார்டன் லெக்கி, என் மாமனார், நான் பார்க்காத மாமனார், பட்டப்பகலில் நேரான சாலையில் காரை மரத்தில் விட்டார். ஓடை, பாத்திரம், மரம். விழுந்தவன், சிந்தியவன், மோதியவன். எல்லோரும் குடிகாரர்கள், ஒருவரும் குடிகாரரில்லை. வேண்டாம், ஒருவேளை ஐயர் குடித்தேதான் இருக்கலாம். அந்தக் காலத்தில் குடிக்காதவர் யார். குடிகாரன் எல்லோரும்தான் சத்தியம் பண்ணுவான். குடித்திருக்கட்டும் ஆண்டவரே, மொடாக் குடியனாக இருக்கட்டும், திருவிருந்து ரசத்தையே திருடிக் குடித்திருக்கட்டும், நான் என்ன கேட்கிறேன், ஒரு குருவானவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று கோயிலில் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் தூங்கும்போது நின்றுவிடும். குடிகாரன் தூக்கத்திலும் புரளுவான். நேற்று அத்தை வீட்டுக் கட்டிலில் வாரன் மத்தியானம் கண்ணயர்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் கை, அந்தக் கால், அந்தப் புருவம், எல்லாம் நின்றிருந்தன, எங்கள் கல்யாணத்து வாரன் படுத்திருந்தார். அப்படியே தூங்கிக்கொண்டிருக்கட்டும் என்று தோன்றியது. அதற்கு என்ன அர்த்தம் என்று உடனே பயந்து அவரை எழுப்பிவிட்டேன்.

பிரசங்கம் முடிந்துவிட்டது போல, எல்லோரும் எழுகிறார்கள், நானும் எழுகிறேன், பாட்டு, ஜெபம், வாய் தானாகச் சொல்கிறது. வரிசை வரிசையாகப் பீடத்துக்குப் போகிறார்கள். லெக்கி ஐயர் சிந்திய அதே இடம் அதுதான், அதே கிராதி, மரம் தேய்ந்து பளபளக்கிறது. முன் வரிசை முதுகுக்காரர் போகிறார், ஹாரியட் அத்தை யாருடைய கையையும் பிடிக்காமல் போகிறார். எங்கள் வரிசைக்கு முறை வந்தது. வாரன் எழவில்லை. கால்களை ஒடுக்கி எனக்கு வழிவிட்டார். எந்த ஊரில், எந்தக் கோயிலில் இருந்தாலும் திருவிருந்தை விடாதவர். "வரலையா?" என்றேன் மெதுவாக. "நீ போ." "ஏன்?" அவர் என்னைப் பார்க்கவில்லை, பீடத்தைப் பார்த்தார், அந்தப் பெண் குருவானவரின் கையில் இருந்த வெள்ளிப் பாத்திரத்தைப் பார்த்தார். "பாத்திரத்தைப் பிடிக்கணும்ல" என்றார். பிடிக்கணும்ல. எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, நான் நடக்கிறேன், முழங்கால் போடுகிறேன், கையில் அப்பம் விழுகிறது. இவருக்குத் தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும். நான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த அதே வீட்டில், அதே மேசையில், எதிரே உட்கார்ந்து இவரும் ஒளித்துவைத்திருந்தாரா. பாத்திரம் என் உதட்டுக்கு வந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், என் கைதான் ஆடியது, அந்தப் பெண் தன் கையை என் கைமேல் வைத்து நிதானமாகக் குடிக்க வைத்தாள்.

வெளியே புல்வெளியில் மேசை போட்டுச் சாப்பாடு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் நீலச் சட்டை. வாரன் அந்தப் பக்கம் போகாமல் கோயில் சுவரோரம், நிழல் விழுந்த பக்கம் போய் நின்றார். நான் பின்னால் போனேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"அத்தை கதைக்கு நீ சிரிக்கல."

"நீங்களும் சிரிக்கலையே."

"டாரதி எனக்கும் போன் பண்ணினா, ரஞ்சி. நீ பாதியில வச்சிட்டேன்னு வீட்டுக்கு மறுபடி கூப்பிட்டா. நான்தான் எடுத்தேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். காலை வெயிலில் காய்ந்த செங்கல் நிழலிலும் சுட்டது. அத்தனை மாதமும் அவர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்ல, நான் ஐஸ் என்று சொல்லிக்கொள்ள, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

"லெக்கி ஐயர் குடிக்கலைங்க" என்றேன். அதைத்தான் சொல்ல முடிந்தது.

"இல்ல." அவர் தலை ஒரு பக்கமாக வெட்டியது, அதை நிறுத்த முயன்றார், விட்டுவிட்டார். முதல்தடவையாக என் எதிரில் மறைக்காமல் விட்டார். கை தொங்கியபடி தன்பாட்டுக்கு விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. "காலையில இருந்து நான் ஐயரைப் பத்தி யோசிக்கல. எங்கப்பாவைப் பத்தித்தான் யோசிச்சேன். எனக்குப் பதினாலு பதினஞ்சு வயசிருக்கும். அவர் சோபாவுல சாஞ்சிருப்பாரு. கிட்டப் போய் வாயை மோந்து பார்ப்பேன். எதுவும் இருக்காது. காப்பி வாசனை இருக்கும். வோட்கான்னு நெனச்சேன். வோட்காவுக்கு வாடை வராதுன்னு பள்ளிக்கூடத்துல பசங்க சொல்வாங்க. வீடு பூரா பாட்டில் தேடினேன். ஒண்ணுகூடக் கிடைக்கல. எவ்வளவு கெட்டிக்காரத்தனமா ஒளிக்கிறாருன்னு அதுக்கும் கோபப்பட்டேன்."

"வாரன்."

"நான் குடிக்கலடா, குடிக்கலடான்னு சொல்வாரு. அவருக்கே என்னன்னு தெரியல. யாருக்கும் தெரியல. அம்மா விட்டுட்டுப் போனா. செத்தப்ப சவப்பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டாங்க, நான் தூக்கல."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன். சிரிப்புச் சத்தம் மேசைப் பக்கமிருந்து வந்தது, ஹாரியட் அத்தை யாருக்கோ அந்தக் கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார், கையை உயர்த்திப் பாத்திரம் கவிழ்வதைச் செய்துகாட்டினார். போய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது, ஆனால் அத்தைக்கு என்ன தெரியும். சொந்த அண்ணனையே குடிகாரன் என்று நம்பி அடக்கம் பண்ணியவர். அவருக்கும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சொல்ல வேண்டும், இந்த நீலச் சட்டைக்காரர்களில் எத்தனை பேர் உள்ளே அது காத்திருக்கிறதோ. எனக்கு அந்தப் புல்வெளியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நேசாகிட்ட எப்படிங்க" என்றேன். "இப்பவா. அஞ்சு மாசம். பிரசவம் ஆகட்டுமே. அதுவரைக்கும் அவ நிம்மதியா இருக்கட்டுமே." நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, கெஞ்சிக்கொண்டிருந்தேன். "அவளுக்கு இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. ஏன் சொல்லணும்."

"எனக்கு யாரும் சொல்லல" என்றார் வாரன். "எங்கப்பாவுக்கும் யாரும் சொல்லல. நான் சொல்றேன். நீ சொல்ல வேண்டாம், நான் சொல்றேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரல் நிற்கவில்லை, எண்ணைத் தொட முடியவில்லை, ஒருமுறை, மறுமுறை, யார் யார் பெயரோ வந்தது. நான் கை நீட்டினேன். கொடுக்க மாட்டேன் என்று முதலில் தலையாட்டியவர் அப்புறம் கொடுத்தார். நான் நேசாவின் பெயரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அவர் வாய்க்கு அருகே பிடித்தேன். மணி அடித்தது. எடுக்காதே என்று வேண்டிக்கொண்டேன்.

"அப்பா," என்றது குரல். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். "கோயில் முடிஞ்சாச்சா? அம்மா எங்கே?"

"பக்கத்துல இருக்காம்மா." அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, குழறாமல் இருப்பதற்காக, கல் எடுத்து வைப்பதுபோல வைத்தார். "நேசா, கொஞ்சம் உக்காரு. உன் தாத்தாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவரு குடிகாரருன்னு உனக்குச் சொல்லியிருக்கேன்ல. அது தப்பும்மா. அவரு குடிச்சதே இல்ல."

மென்றுகொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்படின்னா அவருக்கு என்னப்பா?" என்று கேட்டாள் என் மகள்.